சாம்பல் நிற ஜாக்கெட்

அன்புள்ள தம்பிக்கு,

நீ சியாட்டில் போய்ச் சேர்ந்ததும் "ரீச்ட்" என்று ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தாய். அதோடு 12 நாளாகிறது. அம்மா போட்டோ அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. நான் கூப்பிட்டால் "எல்லாம் ஓகேப்பா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவிடம் அழுதுகொண்டே தமிழ் படித்தாயே, அது வீண்போகக் கூடாது. மெதுவாகப் படி. புரியாத இடத்தை விட்டுவிட்டு மேலே போ.

யெல்லோஸ்டோனிலிருந்து நாங்கள் நல்லபடியாக நெப்ராஸ்காவுக்கு, லிங்கன் வீட்டுக்கு வந்துவிட்டோம். வழியில் குட்டிக்கு இரண்டு தடவை வாந்தி, வேறொன்றும் இல்லை. அக்காவும் மாப்பிள்ளையும் மறுநாளே கிளம்பிவிட்டார்கள். தோட்டத்தில் தக்காளி தாங்கமுடியாமல் காய்த்துக் கிடக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. இளைத்திருந்தாய். அம்மா சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்காதே, நானே பார்த்தேன்.

போகும்போது லாரமியில் வண்டியை நிறுத்தினேன், உன்னிடம் சொன்னேனா? வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தைப் பார்க்காமல் அந்த ஊரைத் தாண்ட மனசு வரவில்லை. அம்மா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. முதல் டிவிஷனில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் கல்லூரிகளில் இவ்வளவு உயரத்தில் வேறு மைதானம் கிடையாது. வெளியூர் டீமுக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். அந்த எண்ணையே எதிராளி கண்ணில் படுகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் வேலியோரமாகக் கொஞ்சம் வேகமாக நடந்து பார்த்தேன், நெஞ்சு அடைத்தது. பழகாத காற்றில் யாருக்கும் அப்படித்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் ஒரு பீய்ச்சலைத் தவறவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தோமே, அன்றைக்கு நீங்கள் எல்லாரும் ஐஸ்கிரீம் வாங்கப் போனீர்கள். அடுத்தது வர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். நான் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் ஒருத்தர் வந்தால் எனக்கு முதலில் தெரிவது முகமில்லை, தொப்பியும் சட்டையும்தான், உனக்குத் தெரியாததா. மிச்சிகனின் மஞ்சளும் நீலமும், லூசியானா ஸ்டேட்டின் ஊதாவும் தங்கமும், டென்னசியின் பளீர் ஆரஞ்சு, டெக்சாசின் செங்கல் நிற ஆரஞ்சு. இந்த இரண்டு ஆரஞ்சும் ஒன்றில்லை என்று உனக்கு நாலு வயதிலேயே தெரியும், வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக் காட்டச் சொல்வேன். மலையும் காட்டெருமையும் பார்க்க வந்தவர்கள் எதற்குத் தங்கள் காலேஜை உடம்பில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். வெளியூரில்தான் அது வேண்டியிருக்கிறது. என் நெப்ராஸ்கா சிவப்புத் தொப்பியைப் பார்த்து ஆறு பேர் "கோ பிக் ரெட்" சொன்னார்கள். 1993இல் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கியவனுக்கு, முன்பின் தெரியாத ஒருவன் காட்டு நடுவில் கை நீட்டுவது இன்றைக்கும் சாதாரணமில்லை.

ஒக்லஹோமா பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லிங்கனா என்று கேட்டுவிட்டு உடனே 1971க்குப் போய்விட்டார். தேங்க்ஸ்கிவிங் அன்று அவர்கள் ஊரான நார்மனில் நடந்த ஆட்டம், நாம் 35, அவர்கள் 31. ஜானி ராட்ஜர்ஸ் பந்தை வாங்கிக்கொண்டு 72 கெஜம் ஓடியதை, தோற்ற பக்கத்துக்காரர் அத்தனை ரசித்துச் சொன்னார். 2011இல் நாம் பிக் டென் லீகுக்குப் போனோம், 2024இல் அவர்கள் எஸ்இசி லீகுக்குப் போனார்கள், இனி அந்த ஆட்டம் வருஷா வருஷம் எங்கே என்று இரண்டு பேரும் வருத்தப்பட்டுக்கொண்டோம். அப்புறம் நான் வழக்கம்போல, ஆட்டக்காரர்கள் காலேஜ் மாறுகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலைப் பற்றி ஆரம்பித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, ஒரு வருஷம் பெஞ்சில் உட்காரவைத்தால் அடுத்த காலேஜுக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்று. நீ இந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பாய். அவர் கொஞ்ச நேரம் வெந்நீர்ப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பேரனும் அப்படிப் போனவன்தான் என்றார். "அங்கே அவனுக்கு இடமில்லை, வேறொரு இடத்தில் இருந்தது, போனான், அவ்வளவுதான்" என்றார். அந்தப் பேரனின் புதுக் கல்லூரித் தொப்பியைத்தான் அவர் மனைவி போட்டிருந்தார்கள்.

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அப்போதுதான் நீ ஐஸ்கிரீமோடு வந்தாய். குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மரப்பாதையில் ஒவ்வொரு ஊற்றின் பேரையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாய். பக்கத்தில் நின்றவர்கள்கூடக் காது கொடுத்துக் கேட்டார்கள். ஓமாஹா கோவிலில் உன்னைப் பற்றி நான் அதிகம் பேசுகிறேன் என்று அம்மா கோபித்துக்கொள்வாள். பேசாமல் எப்படி இருப்பது?

நீ போட்டிருந்தது சாம்பல் நிற ஜாக்கெட். அதில் எந்தப் பேரும் இல்லை. மூன்று வருஷமாக நீ எங்கே வந்தாலும் உன் கம்பெனிப் பேர் போட்ட அந்தக் கறுப்பு ஜாக்கெட்டில்தான் வருவாய். அக்கா வளைகாப்புக்குக்கூட அதோடு வந்து அம்மாவிடம் திட்டு வாங்கினாய். சரி, துவைக்கப் போட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். போன வருஷம் மெக்கானகி ஏரிக்கரையில்கூட லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தவன், இந்தத் தடவை அதைக் கொண்டுவரவே இல்லை. ஃப்ளைட்டில் வந்திருக்கலாமே என்றதற்கு "ஓட்டப் பிடிக்கும்பா" என்றாய். வேண்டுமானால் இன்னும் நாலு நாள் இருப்பேன் என்றதும் அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நானும் சிரித்தேன். அப்படிச் சொன்னவன், அவள் எழுந்திருப்பதற்கு முன்னால் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனாயே, அது சரியில்லை தம்பி. அவள் உனக்குக் கட்டித் தர ராத்திரியே எலுமிச்சை பிழிந்து வைத்திருந்தாள்.

அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தெரியும்?

கோவிலில் நாம் பார்க்கிற ஒருவரின் பையனுக்கு ஏப்ரலில் வேலை போய்விட்டது. நல்ல பையன், அவன் டீமையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கம்பெனி இன்சூரன்ஸ் நிற்கிறபோது அதையே கைக்காசு கட்டித் தொடர 60 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பணம் அதிகம் என்று விட்டுவிட்டானாம். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் கட்டியிருப்பார். உனக்கு 26 வயது ஆகும் வரை என் இன்சூரன்சில் இருந்தாய், இப்போது முடியாது. அதனால் சொல்கிறேன். பொதுவாகத்தான். எந்த இன்சூரன்சையும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

நம் பழைய கோச் டாம் ஆஸ்போர்ன் கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். 1984 ஆரஞ்சு பௌல் என்கிற சீசன் முடிவு ஆட்டம், மயாமி 31, நாம் 30, ஒரு நிமிஷம்கூட இல்லை. ஒரு உதை உதைத்திருந்தால் சமன். அப்போது கூடுதல் நேரம் கிடையாது, சமனே பட்டத்துக்குப் போதும் என்றுதான் இங்கே எல்லாரும் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் ஜெயித்தே தீருவது என்று இரண்டு புள்ளிக்குப் போனார், பந்து விரலில் பட்டுக் கீழே விழுந்தது. 1973இல் கோச் ஆனவருக்கு முதல் தேசியப் பட்டம் 22ஆவது சீசனில்தான் வந்தது. 1995 ஜனவரி 1ஆம் தேதி ராத்திரி, அதே மயாமியை 24-17 என்று ஜெயித்ததை நாங்கள் ஒன்பது பேர் ஒரு பேஸ்மென்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்தோம். எனக்கு இந்த ஊர் என் ஊரானது அன்றைக்குத்தான்.

எழுத உட்கார்ந்தது இதற்கில்லை.

திரும்பி வரும்போது வயோமிங்கில் லேண்டர் தாண்டி 287ஆம் நெடுஞ்சாலையில் மனுஷ நடமாட்டமே இல்லை. அம்மா தூங்கிவிட்டாள். அப்போது உன் பதினோராம் வகுப்பு நினைவுக்கு வந்தது. ஓமாஹாவில் ஸ்டேட் டென்னிஸ். முதல் செட்டை எடுத்துவிட்டு, மூன்றாவதில் இரண்டு சர்வீசையும் வெளியே அடித்துத் தோற்றாய். அங்கிருந்து வீட்டுக்கு 55 மைல். ராக்கெட் பையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் இருந்தாய். பிளாட் ஆற்றுப் பாலம் வந்தபோது "சாரிப்பா" என்றாய். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். வீட்டுக்கு வந்ததும் இனிமேல் படிப்பைப் பார் என்றேன். நீ அதற்கப்புறம் ராக்கெட்டைத் தொடவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஸ்டேடியத்துக்குப் போனோம். தோற்ற வெளியூர்ப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகும்போது நம் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள் அல்லவா. இந்த நாட்டில் எனக்கு முதன்முதலில் பிடித்துப்போனதே அந்தப் பழக்கம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அதைத்தான் பெருமையாகச் சொல்வேன். அன்றும் எழுந்து நின்று தட்டினேன். நீ தட்டவில்லை. உட்கார்ந்தபடி என்னையே நிமிர்ந்து பார்த்தாய். அந்தப் பார்வை புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்தது. புரிந்தும் தட்டிக்கொண்டே இருந்தேன்.

2017 முதல் 2023 வரை ஏழு சீசன், ஒரு பௌல் ஆட்டம்கூட இல்லாமல் நம் டீம் தோற்றது. ஒரு வருஷம்கூட நான் சீட்டை விடவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. உன்னிடம் 55 மைல் பேசாமல் வந்தேன். தோற்றால் அப்பாவிடம் சொல்லக் கூடாது என்பதை நீயாகக் கற்றுக்கொள்ளவில்லை, நான் கற்றுக்கொடுத்தது. அன்றைக்கு அந்தப் பாலத்தில் நான் வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், என்னை மன்னித்துவிடு.

எதையும் சொல் என்று நான் கேட்கவில்லை. சொல்லத் தோன்றினால் ராத்திரி இரண்டு மணியானாலும் கூப்பிடு, போன் தலைமாட்டில்தான் இருக்கும். அம்மாவுக்கு வாரம் ஒரு தடவையாவது பேசு.

செப்டம்பரில் இங்கே முதல் ஆட்டம். 1962 முதல் ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை என்கிற ஊர் இது, உன் சீட்டை இந்த வருஷம் தரமுடியுமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். உனக்கு எந்தத் தேதி வசதியோ சொல், நான் ஃப்ளைட் போடுகிறேன். காரில் அவ்வளவு தூரம் தனியாக வராதே. உன் அறை அப்படியேதான் இருக்கிறது, வந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு.

அம்மா தக்காளித் தொக்கு கிளறி ஆறவைத்திருக்கிறாள். திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன். விலாசம் பழையதுதானே?

அன்புடன்,
அப்பா