வீல்செயார் வேண்டாம் மச்சான்

மச்சான்,

உன்ர மெசேஜ் கண்டனான், அருவிவெட்டு நேரம் எண்டதால பதில் பிந்திப்போச்சு. இரணைமடுத் தண்ணியால இந்தமுறை வயல் பிழையில்ல, நெல்லு விலைதான் வழமை போல.

நீங்கள் பெடியள் சேந்து வீல்செயார் அனுப்பப்போறம், எத்தினை வேணும் எண்டு கேட்டனி. கோவிக்காத, ஒண்டும் வேண்டாம். புதுக்குடியிருப்புப் பக்கம் கன ஒழுங்கை மணல்தானே, ஆஸ்பத்திரி நிலத்தில ஓடுற அந்தச் சின்னச் சில்லு புதைஞ்சு நிண்டிடும், கனவீட்டில அதில உடுப்புத்தான் காயுது. கையால சுத்தி ஓடுற மூண்டு சில்லுச் சைக்கிள் எண்டால் பறவாயில்ல, அதுக்கும் டியூப் மாத்த, திருத்த ஊருக்குள்ள ஆள் வேணும். என்ர பொய்க்காலில ஒரு பட்டி அறுந்தாலே நான் யாழ்ப்பாணம் ஓடவேணும், அண்டைக்குக் கூலி இல்ல.

போன டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளெண்டு எங்களைக் கூப்பிட்டு மாலை போட்டவை. மண்டபத்துக்குப் படி, ராம்ப் இல்ல, ரெண்டு பெடியள் ஒராளைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில வைக்க, மைக்கில சம உரிமை எண்டு பேச்சு! பொதுக் கட்டடத்துக்குள்ள எங்கட ஆக்கள் போய்வர வழி வைக்கவேணும் எண்டு 2006 இல ஒழுங்குவிதி வந்தது, அரச வேலையில 3 வீதம் எங்கட ஆக்களுக்கு எண்டு 1988 இலயே சுற்றறிக்கை, 2016 இல மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா சமவாயத்தையும் நாடு ஏற்று உறுதிப்படுத்திச்சு, தாள் எல்லாம் வடிவாத்தான் கிடக்கு.

எனக்கு அதைவிட அரியண்டம் எங்களுக்குள்ள இருக்கிற தரம் பிரிப்பு. ஆமியில காயப்பட்டவனுக்குப் பென்சன், இயக்கத்தில காயப்பட்டவன் எங்க பட்டது எண்டு சொல்லவே யோசிப்பான், சரி அது அரசாங்கத்தின்ர கணக்கு எண்டு விடுவம். ஆனா செல்லடியில காயப்பட்ட எங்களைச் சனம் கொஞ்சம் மரியாதையாப் பாக்குது, பக்கத்து வீட்டுப் பிள்ளை பிறவியிலயே காது கேளாது, அதுக்குத் தாய் தேப்பன் செய்த வினையாம். எங்கட மாற்றுத்திறனாளிகள் சங்கக் கூட்டத்திலயும் ஒருத்தர் "சண்டையில பட்டவைக்கு முதல் குடுப்பம், மற்றவை பிறகு" எண்டார், நான் எழும்பிக் கத்திப்போட்டன், இப்ப அவர் என்னோட கதைக்கிறேல்ல, கதைக்காட்டிப் போகட்டும்.

அந்தப் பிள்ளைக்குக் கைதடியில காது கேளாத பிள்ளையள் படிக்கிற நவ்பீல்ட் பள்ளிக்கூடம் இருக்கு, ஆனா தாய் விடுதியில விடப் பயப்பிடுறா. விட்டாலும் லீவுக்கு வந்தா இஞ்ச ஆரோட கதைக்கிறது? அதால சொல்லுறன், காசைச் சேத்து, கிழமைக்கு ரெண்டு நாள் வந்து தாய்க்கும் அயலட்டைப் பிள்ளையளுக்கும் சைகை பழக்கிற ஒராளுக்குச் சம்பளமாத் தாங்கோ. படம் எடுத்துப் போட ஒண்டும் இராது, உங்கட பெடியள் ஓமெண்டுவினமோ எண்டு கேட்டு எழுது.

மனிசி நீ அனுப்பின சட்டை அளவு எண்டு சொல்லச் சொன்னவ.