பூனைப் பெட்டி உங்கள் வீட்டுக்கு வருகிறது

அன்புள்ள பெற்றோருக்கும், தினமும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் பள்ளி வாசலில் ஒரு அப்பா என்னை நிறுத்தி, "பூனை அடுக்கவா மேடம் பிள்ளையை அனுப்புறோம்?" என்று கேட்டார். இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டதற்கு அவர் மகன் "பதினோரு பூனை" என்று பதில் சொன்னானாம். அப்பா கேட்டதில் தப்பில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் நான் சொன்ன பதில்தான் அரைகுறை. இந்தப் பூனை அடுக்கும் ஆட்டத்தைப் பற்றிய மிச்சத்தை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

ஐப்பசி வந்தால் நம் மைதானம் எப்படி ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கபடிக் கோடு போட்ட இடத்தில் தவளை கத்துகிறது. இடைவேளையில் பிள்ளைகளை வகுப்பிலேயே உட்கார வைத்தால் பத்தே நிமிடத்தில் கூரை பறந்துவிடும். அந்தச் சமயத்தில் பழைய மாணவி ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அட்டையில் வெட்டிய பூனைகள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும், யார் கையில் சரிகிறதோ அவருக்கு நஷ்டம். அவ்வளவுதான் ஆட்டம். ஜெங்கா பார்த்திருப்பீர்கள். 54 கட்டைகளை மும்மூன்றாக 18 அடுக்கு வைத்து, ஒவ்வொன்றாக உருவுவது. 1983இல் லெஸ்லி ஸ்காட் என்ற பெண்மணி லண்டன் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குக் 'கட்டு' என்று பொருள். அதில் கட்டியதை உருவ வேண்டும், பூனை ஆட்டத்தில் கட்டிக்கொண்டே போக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.

வெளிநாட்டுப் பெட்டி நம் ஊரில் மூன்று நாள்தான் தாங்கியது. முதல் எதிரி மின்விசிறி. ஐந்தாவது பூனை ஏறும்போதே காற்றில் எல்லாம் பறந்துவிடும். விசிறியை அணைத்தால் வியர்வை. ஈரக் கையில் அட்டை ஒட்டிக்கொண்டு, விட்டால் கூடவே வரும். மழை ஈரத்தில் அட்டையும் அப்பளம் போல வளைந்துவிட்டது.

அப்போது உடைந்த பெஞ்சுகளைச் சரிசெய்யத் தச்சர் வந்திருந்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து வளைந்த பூனைகளைக் காட்டினார்கள். மறுநாள் வரும்போது மடித்த துண்டில் ஏழெட்டு மரப் பூனைகள் கொண்டுவந்தார். வீணான பெஞ்சுப் பலகையில் அறுத்தவை. சுருண்டு படுத்த பூனை, முதுகை வில்லாக வளைத்த பூனை, நீட்டி நிமிர்ந்து சோம்பல் முறிக்கும் பூனை. உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்திருந்தார். அந்த வழவழப்பே கெடுதலாகிவிட்டது, ஒன்றின் மேல் ஒன்று நிற்கவில்லை! அப்புறம் முதுகுகளை மட்டும் கொஞ்சம் சொரசொரப்பாக விட்டார். இன்று பள்ளியில் ஆறு பெட்டிகள் இருக்கின்றன. பெட்டிக்கு 18 பூனைகள், ஒரு லூடோ பகடை. வர்ணம் பூசவில்லை, ஒன்றாம் வகுப்பில் எல்லாம் வாய்க்குப் போகும்.

பெட்டிக்கு ஒரு 'தவசுப் பூனை' தனியாக உண்டு. அதன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நான்காம் வகுப்பை மாமல்லபுரம் அழைத்துப் போயிருந்தோம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் பெரிய யானைகளின் பக்கத்தில், முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனையைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் எலிகள். பல்லவர் காலத்துச் சிற்பிக்கு இருந்த குறும்பு! நான் ஏழாம் நூற்றாண்டு என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க, ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இதை எப்படி அடுக்குறது? மேல வைக்கிறதுக்கு இடமே இல்லையே." அந்தக் கேள்வியைத் தச்சரிடம் சொன்னேன். கையைத் தூக்கி நிற்கும் பூனை பிறந்தது. அதன் மேல் எதுவும் நிற்காது, அதனால் எப்போதும் அதுதான் கடைசி.

ஆட்டம் இப்படி. தவசுப் பூனையை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றைச் சமமாகப் பங்கிடுங்கள், மிஞ்சியது தரையில் அடிப்பூனை. பகடையில் ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் ஒரு பூனை வைக்க வேண்டும், நான்கோ ஐந்தோ விழுந்தால் இரண்டு. ஆறு விழுந்தால் உங்கள் பூனை ஒன்றை எதிராளியிடம் கொடுத்து வைக்கச் சொல்லலாம். (வீட்டில் மாமியார் மருமகள் ஆடும்போது இந்த ஆறு எப்படிப் போகிறது என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.) சரித்தவர் விழுந்ததில் இரண்டைத் தன் பங்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், மற்றதைப் பெட்டியில் போட்டுவிடலாம். கையில் இருப்பதெல்லாம் தீர்ந்து, தவசுப் பூனையையும் உச்சியில் நிறுத்துகிறவருக்கு வெற்றி.

இதில் படிப்பு எங்கே என்கிறீர்களா? இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். செவ்வாய்க்கிழமை அவள் முறை வந்தபோது நான் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். நாக்கு நுனி உதட்டோரம் வந்துவிட்டது. கையில் சோம்பல் முறிக்கும் பூனை, கண்ணோ அடியிலிருந்து மூன்றாவது பூனை மேல். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை. முதலில் கட்டைவிரல் தளர்ந்தது, ஒரு மூச்சு விட்டு ஆள்காட்டி விரல். நின்றது. பக்கத்துப் பையன் தும்மினான். பதினோரு பூனையும் தரையில். முதலில் சிரித்தது அவள்தான். பிறகு, "அது மூணாவது பூனை தப்பா இருந்துச்சு" என்று அவனுக்கு விளக்கினாள். அந்த வகுப்பில் நான் கேட்ட அவளுடைய முதல் முழு வாக்கியம் அது. பென்சிலை இறுகப் பிடித்து நோட்டைக் கிழிக்கிற பிள்ளைகளுக்கு, எவ்வளவு அழுத்தினால் போதும் என்று நான் வாயால் சொல்லிக் கொடுத்ததை விட இந்தப் பூனைகள் நன்றாகவே சொல்லிக் கொடுக்கின்றன. நம் கல்லாங்காயும் ஏழு கல்லும் இதே வேலையைத்தான் செய்தன. கல்லாங்காய் ஆடிய பாட்டிகள் முதல் நாளே ஜெயிப்பார்கள் பாருங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு வீட்டுப்பாடம். 24 சென்டிமீட்டர் நீளமுள்ள, அட்டை கெட்டியான ஒரே மாதிரி நோட்டு நான்கு எடுத்து, மேசை விளிம்பில் அடுக்குங்கள். மேல் நோட்டு தன் கீழ் நோட்டைத் தாண்டி 12 சென்டிமீட்டர் நீளலாம், அடுத்தது 6, அடுத்தது 4, கடைசி நோட்டு மேசையைத் தாண்டி 3. கூட்டினால் 25. அதாவது மேல் நோட்டு முழுவதும் மேசைக்கு வெளியே அந்தரத்தில்! இது கணக்கின் எல்லை. நிஜத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே இழுத்துக்கொண்டால் நிற்கும். மேலே இருப்பவற்றின் மொத்த எடையின் நடுப்புள்ளி கீழ் நோட்டின் விளிம்புக்குள் இருக்கும் வரை சரியாது. எடையின் மையம் என்ற பாடத்தைக் கரும்பலகையில் நான் எழுதுவதற்கு முன்பே உங்கள் பிள்ளைகள் பூனை முதுகில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒரு பாட்டி, பூனை சகுனத்துக்கு ஆகாது, வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள் என்றார். எங்கள் பூனைகள் குறுக்கே போவதில்லை பாட்டி, மேலேதான் போகும்.

இனி வெள்ளிக்கிழமை தோறும் ஆறு வீடுகளுக்குப் பெட்டி வரும். வகுப்பாசிரியரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, திங்கள் காலை திருப்பித் தர வேண்டும். பூனை தொலைந்தால் சொல்லிவிடுங்கள், அபராதம் இல்லை, பெஞ்சுப் பலகை நிறைய இருக்கிறது. கட்டில் மேல் ஆடாதீர்கள், தரைதான் சரி. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை கோணலாக வைக்கும்போது அதன் கையைப் பிடித்துத் திருத்தாதீர்கள். விழட்டும். உங்கள் கை நீளும்போது பிள்ளையின் கண் பூனையை விட்டு உங்கள் முகத்துக்குப் போய்விடுகிறது. அந்தத் தப்பைப் பள்ளியில் நாங்களும் செய்கிறோம். அதனால் நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கீழ்த்தளக் கூடத்தில் குடும்பங்களோடு ஆடலாம். சுண்டலும் டீயும் உண்டு. மழைக்கு விடுமுறை விட்டுவிட்டால் அடுத்த சனிக்கிழமை. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு மேசை போட்டிருப்போம். அந்த வளைந்த அட்டைப் பூனைகளையும் ஒன்றாம் வகுப்பு அறையில் வைக்கப் போகிறோம். அங்கே மட்டும் மின்விசிறி ஓடாது. அந்த அட்டைப் பூனைகளை அடுக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு பனையோலை விசிறி எடுத்து வாருங்கள், ஆட்டத்துக்கு நடுவில் மட்டும் வீசாதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை