ஹானர்ஸ் பற்றி முதல் வாரமே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பி.இ. படிப்பில், கூடுதல் பாடங்கள் படித்துப் பட்டத்தோடு சேர்த்து வாங்கும் ஹானர்ஸ் என்ற சிறப்பு ஒன்று இருப்பதே எங்கள் வடசென்னைப் பிள்ளைகள் பலருக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகிறது. அப்போது தெரிந்து பயனில்லாதபடி விதி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாநகராட்சிப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் இன்னமும் சாயங்காலத்தில் நோட்டும் கையுமாக வந்துவிடுவார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் வந்ததிலிருந்து, அவர்களில் பொறியியல் படிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில் முதல் பட்டதாரிகள்.

ஒருத்தியைச் சொல்கிறேன். காசிமேட்டுப் பெண். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் பேப்பரில் அவளுக்கு அரியர் விழுந்தது. அந்தச் சமயத்தில் அவள் எழுதிய மாதிரித் தேர்வுத் தாளை வாங்கிப் பார்த்தேன். கேய்லி ஹாமில்டன் தேற்றத்தை ஒரு மூன்றுக்கு மூன்று அணிக்குச் சரிபார்த்து, அதிலிருந்து நேர்மாறையும் பிசகில்லாமல் கண்டுபிடித்திருக்கிறாள். ஆனால் அதே தேற்றத்தைக் கூறுக என்று கேட்ட இரண்டு மார்க் கேள்விக்கு இடம் காலி. வாக்கியமாகக் கொடுத்த கணக்குகளைத் தொடவே இல்லை. கணக்கு அவளுக்கு நன்றாகவே வரும். ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதத்தான் நாலைந்து மாதம் போதவில்லை.

அடுத்த தடவை எழுதிப் பாஸ் செய்துவிட்டாள். அப்புறம் ஒரு அரியர் கிடையாது. நாலாவது செமஸ்டர் முடிவில் சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி, பத்துக்கு எட்டைத் தாண்டியது. ஐந்தாம் செமஸ்டரில் ஹானர்ஸுக்குப் பெயர் கொடுக்கப் போனவளைக் கல்லூரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் படிக்கிறவர்கள் ஹானர்ஸ் வாங்க, எல்லோரும் படிக்கும் பாடங்கள் போகக் கூடுதலாக 18 கிரெடிட் (பாடத்தின் அளவைப் பொறுத்துத் தரும் புள்ளி) படிக்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடமாக எடுத்தால் ஆறு பேப்பர். சி.ஜி.பி.ஏ. 7.5க்குக் குறையக் கூடாது. இதோடு, எல்லாப் பாடத்திலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு நிபந்தனையும் நியாயம். கூடுதல் சிறப்பு என்றால் கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும். மூன்றாவதுதான் தமிழ்வழியில் படித்து வருகிற பிள்ளைக்கு முதல் ஆறு மாதத்திலேயே வழியை அடைத்துவிடுகிறது. அப்படி ஒரு வழி இருக்கிறது என்றாவது சேரும்போதே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம் என்கிறார்கள். ஒட்டியது ஐந்தாம் செமஸ்டரில்.

தகுதி இருந்தும் சேராதவர்கள் தனி. பழைய வண்ணாரப்பேட்டைப் பையன் ஒருவன், அரியரே இல்லாதவன், வேண்டாம் என்று விட்டுவிட்டான். ஹானர்ஸ் வகுப்பைச் சனிக்கிழமையில் வைத்தார்கள். அன்றைக்கு அவனுக்கு எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் வேலை. இன்னொரு கல்லூரியில் நாலு மணிக்கு மேல் வகுப்பு. கல்லூரிப் பேருந்து அதற்குள் கிளம்பிவிடும். ஊருக்கு வெளியே இருக்கும் கல்லூரியிலிருந்து இரண்டு பேருந்து மாறி ராத்திரியில் திருவொற்றியூர் வந்து சேர எந்த வீட்டில் பெண்ணை விடுவார்கள்?

கலை அறிவியல் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 கடைசியில் கொண்டுவந்த நான்காண்டு ஹானர்ஸ் வேறு. அதில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸுக்கு 160. நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியும் சேர்த்துச் செய்ய, முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹானர்ஸ் சென்னைக்குப் புதிதும் இல்லை. விண்மீன்களின் எடை பற்றிய கணக்குக்காக உலகம் கொண்டாடும் எஸ். சந்திரசேகர், மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் முடித்துத்தான் 1930இல் கேம்பிரிட்ஜ் போனார். அந்தக் கல்லூரி இருக்கும் மெரினா எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் தூரம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அரசு நடத்தும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சியில் ஹானர்ஸ் பற்றிப் பத்து நிமிடம் பேசினாலே போதும். கல்லூரிகள் முதல் வாரத்திலேயே பெற்றோரைக் கூப்பிட்டு, நிபந்தனைகளைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்கட்டும். வகுப்பு நேரத்தைப் பேருந்து நேரத்தோடு பொருத்தட்டும். முதலாம் ஆண்டில் விழுந்த அரியரை அடுத்த தேர்விலேயே முடித்தவர்களுக்கு, மற்ற தகுதிகள் இருக்கும்போது, ஹானர்ஸில் சேர இடம் கொடுக்குமாறு பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை-81.