சதவீதத்தோடு எண்ணிக்கையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த மறுநாள், தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் பட்டியல் வந்திருந்தது. அதில் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியும் இருந்தது. போன ஆண்டு 95 சதவீதம், இந்த ஆண்டு 85 சதவீதம், பத்து சதவீதம் சரிவு. செய்தி அவ்வளவுதான். எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

நான் சொல்கிறேன். போன ஆண்டு 20 பேர் எழுதி 19 பேர் தேறினார்கள். இந்த ஆண்டு 20 பேர் எழுதி 17 பேர் தேறினார்கள். அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே ஐந்து சதவீதம் போய்விடும். தாங்கள் சரிவு என்று போட்டது இரண்டு பிள்ளைகளைத்தான்.

அங்கே கணக்கு எடுப்பவள் என் தங்கை மகள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், "பெரியம்மா, பால் வாங்கப் போன இடத்துலகூட கேக்குறாங்க, இந்த வருஷம் ஒழுங்கா பாடம் நடத்தலையான்னு" என்று சொல்லிவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் புள்ளியியல் நடத்தியவள் நான். வாயால் ஆறுதல் சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று பட்டது.

புளி கொட்டை எடுத்தபோது ஒதுக்கி வைத்திருந்த புளியங்கொட்டைகளில் நாற்பதை எண்ணி எடுத்தேன். நாலு கொட்டைகளில் மட்டும் சுண்ணாம்பு தடவிக் காயவைத்தேன். இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துத் தவறிய நாலு பிள்ளைகள் அவை. நாற்பதையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் இருபதை எடுக்கச் சொன்னேன். எடுத்தது போன ஆண்டு, பையில் மிஞ்சியது இந்த ஆண்டு. இதில் ஆசிரியருக்கு எந்தப் பங்கும் இல்லை, வெறும் குலுக்கல். இருபது தடவை எடுத்தோம். வெள்ளைக் கொட்டைகள் இரண்டுக்கு இரண்டு என்று சமமாகப் பிரிந்தது ஏழு தடவைதான். மற்ற பதின்மூன்று தடவையும் ஒரு பக்கம் மூன்றோ நாலோ சேர்ந்துவிட்டன.

கணக்குப் போட்டாலும் இதையேதான் சொல்லும். அந்த நாலும் நாற்பது இடங்களில் அமைய மொத்தம் 91,390 வழிகள் உண்டு. இரண்டுக்கு இரண்டு என்று அமைவது அவற்றில் 36,100 வழிகளில் மட்டுமே. அப்படியானால் எந்தக் காரணமும் இல்லாமலேயே நூற்றுக்கு அறுபது தடவை, எங்கள் பள்ளியில் வந்த அளவுக்கோ அதற்கு மேலோ ஏற்றத்தாழ்வு வரும். எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது பார்ப்பதற்கென்று ரொனால்ட் ஃபிஷர் வகுத்துத் தந்த சோதனை இதுதான்.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால், கார்ல் பியர்சன் 1900இல் தந்த கை வர்க்கச் (chi-square) சோதனை போதும். ஆண்டுக்கும் தேர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டு ஆண்டுகளுக்கும் தேறியவர், தவறியவர் என்று வரும் நாலு கட்டங்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்? அதற்கும் உண்மையில் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நாலு கட்டங்களுக்கும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 3.84ஐத் தாண்டினால்தான் தற்செயல் என்று ஒதுக்க முடியாத வேறுபாடு என்று வழக்கமாக எடுத்துக்கொள்வோம். எங்கள் பள்ளிக் கணக்கில் வருவது 1.11. அதே 95, அதே 85, ஆனால் ஆண்டுக்கு 2,000 பேர் எழுதினார்கள் என்றால் அது 111 ஆகிவிடும். சதவீதம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்று செய்தியே இல்லை, மற்றது உடனே விசாரிக்க வேண்டிய விஷயம். எண்ணிக்கையைப் போடாவிட்டால் எது எது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

சென்னையிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. அங்கே இடம் கிடைக்காத ஏழைகள்தான் அதிகம். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவை நெருக்கடியான அவர்கள் வீட்டிலேயும் வைத்து, இரு பிரிவுக்கும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். இன்றைய தலைப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்: 'வீட்டுச் சிகிச்சை ஆறு சதவீதம் பின்னடைவு'. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் இருந்தது சுமார் 80 பேர். வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து பேர். கை வர்க்க மதிப்பு இரண்டைக்கூடத் தொடாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேறுபாடு நிரூபணமாகவில்லை என்பது வேறு, வேறுபாடே இல்லை என்பது வேறு. எண்பது பேரை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சொல்ல முடியாது. அந்த மருத்துவர்களும் அதோடு நிறுத்தவில்லை. ஐந்து ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களையும் பரிசோதித்தார்கள். அப்புறம்தான் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிடும் முறை உலகம் முழுக்கப் பரவியது. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் 'ஏறத்தாழ சமம்' என்பதற்கே தனி பலம் உண்டு. 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்கும், போடாத அதே எண்ணிக்கையில் 499 பேருக்கும் காசநோய் வந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்று துணிந்து சொல்ல முடிந்தது அந்த எண்களால்தான். (பச்சிளம் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் வராமல் காக்க அது இன்றும் போடப்படுகிறது, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

பட்டியல் போடும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாவட்டத்தில் உள்ள எல்லாப் பள்ளிகளையும் வரிசைப்படுத்தினால் மேலே '100 சதவீதம்' என்று நிற்பவற்றில் பலவும், அடியில் கிடப்பவற்றில் பலவும் சின்னப் பள்ளிகளாகவே இருக்கும். இருபது பேர் எழுதும் இடத்தில் சதவீதம் அப்படித்தான் குதிக்கும். அத்தனை பள்ளிகளில் மிக அதிகமாக இறங்கிய நாலைந்தை மட்டும் பொறுக்கி எடுத்தால், தற்செயலாக இறங்கியவைதான் முதலில் கையில் வரும்.

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிகளைக் கேள்வி கேட்பது பத்திரிகையின் வேலை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை, இரண்டு ஆண்டுகளுக்கும் போடுங்கள். இடம் போதாது என்றால் சதவீதத்தை விட்டுவிடுங்கள். '20இல் 17' என்று இருந்தால் சதவீதத்தை நாங்களே போட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியை,
சிவகங்கை மாவட்டம்