அண்ணா, அந்த விமர்சனத்தை வெளியிடப் போகிறேன்

அண்ணா,

அமெரிக்க சோல் பாடகி பெட்டி லாவெட்டின் 'லாவெட்!' ஆல்பத்தைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த கட்டுரையை வரும் ஞாயிற்றுக்கிழமை இங்கே போடப் போகிறேன். ஆல்பம் வந்தது 2023 ஜூனில். கட்டுரையையும் அந்த மாதமே முடித்துவிட்டேன். இத்தனை நாள் அது வெளிவராமல் கிடந்ததற்குக் காரணம் நீ.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். அம்மாவின் சர்க்கரை அளவு, அங்கே மழை உண்டா, இந்த இரண்டையும் தாண்டி நாம் போனில் பேசி வருஷக்கணக்காகிறது. இந்த வலைப்பூவை ஆரம்பித்தவன் நீ. டெட்ராய்ட் புறநகரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையைப் பற்றித் தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று எல்லோரும் கேட்டபோது, பத்துப் பேர் படித்தால் போதும் என்று எழுதினாய். அந்தப் பழைய வாசகர்களில் சிலர் இன்னும் இங்கே வருகிறார்கள். "அண்ணன் எப்போது எழுதுவார்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கண்முன்னால் இங்கே சொன்னால்தான் நீ முழுசாகப் படிப்பாய். உனக்கு இது சங்கடமாக இருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் வேறு வழி ஒன்றையும் நீ எனக்கு விட்டுவைக்கவில்லை.

2025 செப்டம்பரோடு லாவெட்டின் 'ஐ'வ் காட் மை ஓன் ஹெல் டு ரெய்ஸ்' ஆல்பம் வந்து இருபது வருஷம். நீ அந்த சிடியை வாங்கி வந்த நாளைப் பற்றியோ, அதற்கு முன்னால் 1965-ன் பழைய சிங்கிளை எனக்குப் போட்டுக் காட்டியதைப் பற்றியோ உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக மட்டும் சுருக்கமாக: லாவெட் மிச்சிகனின் மஸ்கீகனில் பிறந்து டெட்ராய்டில் வளர்ந்தவர். 1962-ல், பதினாறு வயதில், முதல் பாட்டே ஹிட். 1972-ல் அலபாமாவின் மஸ்ஸில் ஷோல்ஸில் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார். கம்பெனி அதை வெளியிடவே இல்லை. 2000-ல் ஒரு பிரெஞ்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் அதைத் தேடிக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் ஜோ ஹென்றி தயாரித்த அந்த 2005 ஆல்பம்.

அந்த ஆல்பத்தின் பாடல்கள் எல்லாமே பெண்கள் எழுதியவை. முதல் பாட்டு ஷினேட் ஓ'கானருடையது. வாத்தியம் எதுவும் கிடையாது, குரல் மட்டும்தான். வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவது காதில் விழும். லூசிண்டா வில்லியம்ஸின் பாட்டில் வரும் ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டு டெட்ராய்ட், மஸ்ஸில் ஷோல்ஸ் என்று தான் தோற்ற ஊர்களைப் போட்டுப் பாடுவார். அதைக் கேட்ட அன்று நீ காரை ஓரங்கட்டினாய். விமர்சகர்கள் கொண்டாடியது அதற்கப்புறம். அவர்களுக்கு முன்பே, தமிழில், இங்கே, நீ எழுதிவிட்டாய். எனக்கு அதில் இன்றும் பெருமைதான்.

அப்படி எழுதியவன்தான் 2018-ல், பாப் டிலன் பாடல்களை லாவெட் பாடிய 'திங்ஸ் ஹேவ் சேஞ்ச்ட்' பற்றி நான் எழுதியபோது வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பினாய்: "நீ குரலைக் கேட்கவில்லை, கதையைக் கேட்கிறாய்."

அந்த வரி விமர்சகர்களுக்குப் பொருந்தும், அந்தப் பாதி சரி. நான் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கின்றன. பதினாறு வயது, கைவிடப்பட்ட ஆல்பம், நாற்பது வருஷக் காத்திருப்பு, அப்புறம் கடைசிப் பத்தியில் 'கரகரத்த குரல்'. பாட்டுக்கு மார்க் போடாமல் பட்ட பாட்டுக்கு மார்க் போடுகிறார்கள் என்பாய். இவ்வளவு காலம் கண்டுகொள்ளாமல் இருந்ததற்கு இப்போது கூட்டமாகக் கூடிப் பரிகாரம் செய்கிறார்கள் என்பாய். சரி. ஆனால் என் கட்டுரையில் நான் எழுதியது அது இல்லை. டிலனின் வரிகளை எந்த இடத்தில் உடைக்கிறார், எங்கே வேகத்தைக் குறைக்கிறார், ஆண் பேசுகிற வரியைப் பெண் பேசும்போது கோபம் எப்படி வேறு பக்கம் திரும்புகிறது, இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதினேன். நீ முதல் பத்தியைத் தாண்டியிருக்க மாட்டாய். உனக்கும் அந்தக் கதைதான் பெரிதாகத் தெரிந்தது அண்ணா. எனக்கல்ல.

ஏன் என்று எனக்குத் தெரியும்.

2009 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. ஒபாமா பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்னால் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்துக்கு எதிரே நடந்த கச்சேரி. எச்.பி.ஓ. அன்றைக்கு மட்டும் சந்தா இல்லாதவர்களுக்கும் திறந்துவிட்டிருந்தது. உன் வீட்டில் கேபிளைக் குறைத்தாயிற்று. ஏன் குறைத்தோம் என்று இங்கே எழுத வேண்டாம். அந்தக் குளிர்காலம் டெட்ராய்ட் பக்கம் யார் வீட்டில் என்ன நடந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கார் கம்பெனிகளில் ஏப்ரல் முடிவில் கிரைஸ்லரும் ஜூன் முதல் தேதி ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு போட்டன. உதிரிபாகம் செய்கிற கம்பெனிகளில் ஆள்குறைப்பு அதற்கெல்லாம் முன்பே தொடங்கிவிட்டது. இதற்கு மேல் வேண்டாம். அண்ணியும் இதைப் படிப்பாள்.

நீ சோபாவில் உட்காரவில்லை. டிவிக்கும் சமையலறைக்கும் நடுவே, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாய். யார் யாரோ வந்து பாடினார்கள். பெரிய பெரிய பெயர்கள். திடீரென்று லாவெட். பக்கத்தில் ராக் பாடகர் ஜான் பான் ஜோவி, பின்னால் கோரஸ். சாம் குக்கின் 'எ சேஞ்ச் இஸ் கானா கம்', ஒரு மாற்றம் வரும் என்கிற பாட்டு. இன்னும் சில நாளில் லாவெட்டுக்கு அறுபத்துமூன்று வயது. எதிரே லட்சக்கணக்கான கூட்டம். பான் ஜோவி நன்றாகத்தான் பாடினார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவர் வாயைத் திறந்ததும் பாட்டு வேறு ஆளுடைய சொத்தாகிவிட்டது. ரொம்ப நாளாச்சு வர, ஆனால் வரும் என்று சொல்கிற அந்த இடத்தில் அவர் கெஞ்சவில்லை. அதட்டினார். 'வரும்' என்பதை யாருக்கோ உத்தரவு போடுகிற மாதிரி பாடினார்.

நீ அழுதாய் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. எழுதவும் இல்லை. நீ சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "இந்தக் குரல் இத்தனை வருஷமும் இங்கேதானேடி இருந்தது. யார் கேட்டா?" அவ்வளவுதான். கராஜுக்குப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாய். காரை நீ கிளப்பவில்லை. அண்ணி என்னைப் பார்த்தாள், நான் டிவியைப் பார்த்தேன்.

1972-ல் அந்த ஆல்பம் வராது என்று போன் வந்தபோது என்ன செய்தார் என்று லாவெட்டே சொல்லியிருக்கிறார். விமான டிக்கெட்டுகள்கூடக் கையில் இருந்தன. அவற்றையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அவர் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார், நாள்கணக்கில். நான் இதைப் படித்தபோது எனக்கு உன் கராஜ்தான் ஞாபகம் வந்தது.

அவர் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார் அண்ணா. ஊர் ஊராகப் போன ஒரு இசை நாடகத்தில் ஜாஸ் பாடகர் கேப் காலோவேயோடு வருஷக்கணக்காக ஆடிப் பாடினார். டெட்ராய்டின் சின்ன மதுக்கூடங்களில், சம்பளம் என்று சொல்ல முடியாத காசுக்குப் பாடினார். 2007-ல் அதே மஸ்ஸில் ஷோல்ஸுக்குத் திரும்பிப் போய், டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற ராக் குழுவோடு ஆல்பம் செய்து, அதற்குக் 'குற்றம் நடந்த இடம்' என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். 1972-ல் அவருக்கு பேஸ் கிட்டார் வாசித்த டேவிட் ஹுட்டின் மகன்தான் அந்தக் குழுவின் பேட்டர்சன் ஹுட். அப்பா வாசித்ததற்குக் கிடைக்காத நியாயத்தை மகன் கூட நின்று வாங்கித் தந்தான். இதை எனக்குச் சொன்னதே நீதான். அதை எப்படி மறந்தாய்?

நீ எழுதுவதை நிறுத்தினாய். "இந்தா பாஸ்வேர்ட், வேண்டுமானால் நடத்து, இல்லாவிட்டால் மூடிவிடு" என்றாய். ஊருக்குக் கிளம்பும்போது இசைத்தட்டுகளை என் அபார்ட்மென்டில் அட்டைப்பெட்டியோடு இறக்கிவிட்டாய். வேலையை இழந்ததற்கு நான் உன்மேல் எப்போதாவது ஒரு சொல் சொன்னதுண்டா? நீ இல்லாமல் எனக்கு இந்த நாட்டில் படிப்பும் கிடையாது, வேலையும் கிடையாது. அது எனக்கு மறக்காது. ஆனால் எழுதுவதை உன்னிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. அதை நீயாகத்தான் விட்டாய். விட்டதோடு, பிறகு எழுதிய என்னையும் கதை கேட்கிறவள் என்றாய். அந்த ஒரு வரியால் 2020-ல் 'பிளாக்பேர்ட்ஸ்' வந்தபோது நான் எதுவும் எழுதவில்லை. டைனா வாஷிங்டன், நீனா சிமோன், பில்லி ஹாலிடே போன்ற கறுப்பினப் பாடகிகள் பாடிய பாடல்கள், அதில் கறுப்பினத்தவரைக் கும்பல் கூடித் தூக்கிலிட்டதைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'. அமெரிக்கத் தெருக்களெல்லாம் இனவெறிக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்த அந்த ஜூன் மாதத்தில் அந்தப் பாட்டை அவர் வெளியிட்டார். எழுத வேண்டிய நேரத்தில் நான் எழுதவில்லை. அதற்கு உன்மேல் எனக்குக் கோபம் உண்டு, சொல்லிவிட்டேன்.

இனி 'லாவெட்!'. நீ இதைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன், அதனால் இதை மட்டும் விலாவாரியாகச் சொல்கிறேன்.

எல்லாப் பாட்டுகளும் ராண்டல் பிராம்ப்லெட் எழுதியவை. ஜார்ஜியாக்காரர், ஸ்டீவ் வின்வுட்டின் குழுவில் பல காலம் வாசித்தவர். கூட வாசிக்கிறவர்கள் மதிக்கிற, வெளியே பலருக்குத் தெரியாத ஆள். டிலன், பீட்டில்ஸ் மாதிரி கேட்டவுடன் அடையாளம் தெரிகிற பாட்டு ஒன்றுகூட இல்லை. "அட, இந்தப் பாட்டை இப்படிக்கூடப் பாடலாமா!" என்று வியக்க விமர்சகருக்கு வழியே கிடையாது. சோக வரலாறும் இங்கே உதவாது. எழுபத்தேழு வயதில், துணைக்கு எதையும் வைத்துக்கொள்ளாமல், தன் பெயரை மட்டும் தலைப்பாக வைத்துப் பாடியிருக்கிறார். வின்வுட், ஜான் பாட்டிஸ்ட், ஜான் மேயர் எல்லாம் வந்து போகிறார்கள். அவர்களைத் தனியாகத் தேடத் தோன்றாது.

தயாரித்தவர் ஸ்டீவ் ஜோர்டன், சார்லி வாட்ஸுக்குப் பிறகு ரோலிங் ஸ்டோன்ஸுக்கு டிரம்ஸ் வாசிக்கிறவர். லாவெட்டோடு அவருக்கு இது மூன்றாவது ஆல்பம். டிரம்ஸ் முன்னால் ஓடாது, குரலுக்கு இடம்விட்டு ஓரமாக நிற்கும். 'பிளான் பி' என்று ஒரு பாட்டு. வைத்திருந்த வழியெல்லாம் அடைபட்டுப் போனவள் அடுத்ததைத் தேடுகிற பாட்டு. நான் நீ நினைக்கிறதைத்தான் நினைத்தேன், ஒப்பாரிதான் வரப்போகிறது என்று. அப்படி இல்லை. பாதி பேச்சாகவே பாடுகிறார். வரியின் கடைசிச் சொல்லை இழுக்காமல் வெட்டிவிட்டு, தாளம் ஒரு அடி முன்னால் போன பிறகு நிதானமாக அடுத்த வரிக்கு வருகிறார், பஸ் தனக்காக நிற்கும் என்று தெரிந்தவர் நடந்து வருகிற மாதிரி. 1965-ல் அந்த வயதின் அவசரத்தோடு தாளத்தை முட்டிப் பாடிய அதே குரல் இது. முன்பு தொண்டையில் இருந்த பலம் இப்போது காத்திருப்பதில் இருக்கிறது. 1965-தான் அசல், பிறகு வந்ததெல்லாம் பரிகாரம் என்று நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்ளாததற்கு இந்தப் பாட்டுதான் காரணம்.

விமர்சகர்கள் இதையும் பாராட்டினார்கள். பாராட்டியதாலேயே நீ சந்தேகப்படுவாய். கிராமிக்கு இதுவும் பரிந்துரையானது, சமகால ப்ளூஸ் ஆல்பம் பிரிவில். 2024 பிப்ரவரியில் விருதை லார்கின் போ என்ற குழுவுக்குக் கொடுத்தார்கள். எத்தனையோ பரிந்துரைகள், அந்த மேடையில் ஒரு தடவைகூட விருது அவர் கைக்கு வந்ததில்லை. பாராட்டு எவ்வளவு வந்தாலும் வீட்டு வாடகைக்கு ஆகாது என்று நீ சொன்னதும் உண்மைதான், லாவெட்டே அதை மறுக்கமாட்டார். ஆனால் நல்லதை நல்லதென்று எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் பரிதாபப்பட்டு எழுதுகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டால், 2005-ல் நீ எழுதியதை என்னவென்று சொல்வது? நீ பரிதாபப்பட்டா எழுதினாய்? அந்தக் கட்டுரையை நேற்று மறுபடி படித்தேன். கதை அதில் நான்கே வரி. மீதியெல்லாம் குரல். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை என் கட்டுரை வரும். உனக்கு முன்கூட்டி அனுப்பப் போவதில்லை, ஒப்புதலும் கேட்கவில்லை. அதில் உன் பெயர் இல்லை, டெட்ராய்ட் குளிர்காலமும் இல்லை. பதினோரு பாட்டுகள் மட்டும்தான் இருக்கின்றன. நீ கொடுத்த பாஸ்வேர்டை நான் இன்னும் மாற்றவில்லை. மறுப்பு எழுதுவதானால் உள்ளே வந்து எழுது, ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் விடுகிறேன். எழுதமாட்டாய் என்றால் அதுவும் உன் இஷ்டம். நான் நிறுத்தப் போவதில்லை.

தங்கை