கடகடக்கும் பழைய ஜன்னலைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி விழுந்தால் போதும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் வீட்டு ஜன்னல்கள் ராத்திரி முழுக்கக் கடகடவென்று ஆடும். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து வைத்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1991-இல் ஒழிந்த பிறகு அப்பா ஆசையாக வாங்கிய வீடு, ஜன்னல் எல்லாம் கண்ணாடிச் சட்டம் மேலும் கீழும் ஏறி இறங்குகிற பழைய சாஷ் ஜன்னல். பார்க்க வந்த அலுமினியக்காரர் ஆறு ஜன்னலையும் பிடுங்கிவிட்டுப் புதுசு போடச் சொன்னார். 60 வருஷம் தாண்டிய கட்டடத்தை அனுமதி வாங்காமல் மாற்றக்கூடாது என்று 1999-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன ஜூலையில் நானே ஒரு ஜன்னலைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்கும், அதை உள்பக்கமாகப் பிடித்திருக்கிற மெல்லிய மரப்பட்டைக்கும் நடுவே ஐந்து ரேண்ட் காசு தாராளமாக நுழைந்தது. இங்கே குளிர்காலம் மழையில்லாத காலம், மரம் காய்ந்து சுருங்குகிறது, அந்த இடைவெளியில்தான் காற்றும் வருகிறது, சத்தமும் வருகிறது. அந்தப் பட்டையை உளியால் மெல்ல நெம்பி எடுத்து, காய்ந்து கட்டியான பெயிண்டைச் சுரண்டிவிட்டு (பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தண்ணீர் தெளித்துத்தான் சுரண்ட வேண்டும், குழந்தைகளைக் கிட்டே விடக்கூடாது), ஒரு தபால் அட்டை கனத்துக்கு மட்டும் இடம் விட்டு மறுபடி ஆணி அடித்தேன். அன்று ராத்திரியே ஆட்டம் நின்றுவிட்டது. அப்புறம் பட்டையின் விளிம்பில் பள்ளம் எடுத்து, ரோமம் போல இருக்கும் பிரஷ் ஸ்ட்ரிப்பைச் செருகினேன். ஒட்டுகிற ஸ்பாஞ்சு டேப் சட்டம் உரசுகிற பக்கங்களில் நிற்காது, நாலு தடவை திறந்து மூடினால் உரிந்துவிடும். நடுவில் இரண்டு சட்டமும் சேருகிற இடத்தில், திருகினால் இரண்டையும் இறுக்கி இழுக்கிற கொண்டி போட்டேன். சட்டம் ஓடுகிற தடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன், இப்போது அம்மாவே ஒரு கையால் தூக்கிவிடுகிறார்.

தெருவில் பலர் சிலிக்கான் பூசி ஜன்னலை அடியோடு மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கரண்ட் போகும்போது உள்ளே கேஸ் ஹீட்டர் எரிக்கிறோம், காற்று போக வழி இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு சேரும், அது உயிரையே எடுக்கும், வாசனைகூடத் தெரியாது.

குளிர் தொடங்குவதற்கு முன் இந்தக் கடிதத்தைப் போட்டால் நல்லது. இந்த வேலைக்கு, ஒரு ஜன்னலுக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா