ஜூன் கல்யாணமும் உன் பாஸ்போர்ட்டும்

அன்புள்ள கயல்,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறாள். சரி, மின்னஞ்சல் என்றால் ஆற அமரப் படிப்பாய் என்று உட்கார்ந்தேன்.

அத்தை நேற்று நியூஜெர்சியிலிருந்து கூப்பிட்டாள். ஜூன் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாகிவிட்டதாம். கயல் வருகிறாளா என்று கேட்டாள். வராமல் எங்கே போவாள் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உன் பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது. நீ புதுப்பித்தது 2021 ஆகஸ்ட்டில். அந்த வருஷம் அக்டோபர் 1 முதல்தான் நம் சிங்கப்பூரில் பெரியவர்களுக்கு 10 வருஷப் பாஸ்போர்ட் கொடுக்க ஆரம்பித்தார்கள். கொஞ்சம் முந்திக்கொண்டாய், உன்னுடையது 5 வருஷம்தான். இந்த ஆகஸ்ட்டோடு முடிகிறது.

கல்யாணம் ஜூனில்தானே, அதுவரை செல்லுமே என்று நீ சொல்வாய். செல்லும். ஆனால் அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போக ஆன்லைனில் வாங்குகிற எஸ்டா இருக்கிறதே. அந்த அனுமதி 2 வருஷம் என்பார்கள், ஆனால் பாஸ்போர்ட் முடிந்த அன்றே அதுவும் முடிந்துவிடும். புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் எஸ்டாவும் புதிதாகப் போட வேண்டும். முன்பு 21 அமெரிக்க வெள்ளியாக இருந்த கட்டணத்தை 2025 செப்டம்பர் கடைசியில் 40 ஆக்கிவிட்டார்கள். அதனால் முதலில் பாஸ்போர்ட், அப்புறம் எஸ்டா. அதையும் கடைசி நேரத்தில் போடாதே, 72 மணி நேரத்துக்கு முன்பாவது போடச் சொல்கிறார்கள். அரசுத் தளத்தில் மட்டும் போடு. கூகுளில் முதலில் வந்து நிற்பதெல்லாம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பிடுங்குகிற கடைகள்.

பாஸ்போர்ட் அட்டையில் சிப் சின்னம் தேய்ந்திருக்கிறதா பார். நீள்சதுரம், நடுவில் வட்டம். சின்னம் தேய்ந்தால் பரவாயில்லை, உள்ளே சிப் படிக்க வேண்டும். நீ பாஸ்போர்ட்டைப் பின் பாக்கெட்டில் வைத்து அதன்மேல் உட்காருகிறவள். 2016 ஏப்ரல் 1 முதல் சிப் இல்லாத பாஸ்போர்ட்டோடு எஸ்டாவில் அமெரிக்காவுக்குள் யாருமே போக முடியாது, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும். நான் கவுண்டரில் இருந்த காலத்தில் 2004 அக்டோபர் 26 என்று ஒரு தேதி வந்தது. அன்றிலிருந்து இயந்திரம் படிக்கிற பாஸ்போர்ட் ஆளுக்கு ஒன்று வேண்டும், அப்பா அம்மா பாஸ்போர்ட்டில் பிள்ளை பெயரை ஒட்டிக்கொண்டு போவது செல்லாது என்றார்கள். அந்த மாதம் நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டது எப்போது என்று அம்மாவைக் கேள். அந்தத் தேதியில் ஒரு வருஷம் கழித்து டிஜிட்டல் படம், அதற்கடுத்த வருஷம் சிப். நம் ஊரில் 2006 ஆகஸ்ட்டிலேயே சிப் வைத்த பாஸ்போர்ட் வந்துவிட்டதால் நம்மவர்களுக்குத் தலைவலி இல்லை. பிரான்ஸில் டிஜிட்டல் படமே தாமதமாகி, இடைப்பட்ட மாதங்களில் பாஸ்போர்ட் வாங்கியவர்கள் விசாவுக்கு அலைந்தார்கள்.

பள்ளி விடுமுறையில் தெக்கா பக்கத்து அந்த ஆபீசுக்கு நீயும் வருவாய், ஞாபகம் இருக்கிறதா? பாஸ்போர்ட்டின் கீழே இருக்கிற இரண்டு வரியை, வரிக்கு 44 எழுத்து, விரல் வைத்து எண்ணுவாய். சரிபார்க்கும் எண் எப்படி வருகிறது என்று சொல்லிக் கொடுத்தேன். உன் பிறந்த தேதி 940812. அதை 7, 3, 1 என்று வரிசையாகப் பெருக்கு: 63, 12, 0, 56, 3, 2. கூட்டினால் 136. கடைசி இலக்கம் 6. புரட்டிப் பார்த்தாய், உன் பிறந்த தேதியை அடுத்து 6 இருந்தது. ஆபீசில் இருந்த ஒருவரையும் விடாமல் எல்லார் பிறந்த தேதிக்கும் போட்டுக் காட்டினாய். கணக்கில் நீ போன தூரம் எனக்கு அப்போதே தெரியும். இன்றும் சிப்பைத் திறக்கிற சாவி அந்த வரியில்தான் இருக்கிறது: பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, முடிகிற தேதி. இதெல்லாம் இப்போது உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும், வேலையே அதுதானே. நான்தான் பழைய ஆள்.

எஸ்டாவில் பெயரைக் கீழ்வரியில் இருக்கிறபடியே போடு. உன் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் ‘மகள்’ என்று காட்டப் போடுகிற D/O-வில் இருக்கிற அந்தச் சாய்கோடு கீழ்வரியில் வராது. என் பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கினால் சுலபம் என்று மெல்பர்னில் யாரோ சொன்னதாக முன்பு ஒரு முறை சொன்னாய். ஆக்கினாயா என்று தெரியாது. நீ சொல்லவில்லை.

இன்னொன்று. இடையில் கியூபா ஏதும் போனாயா? 2021 ஜனவரி 12க்குப் பிறகு போயிருந்தால் எஸ்டா கிடையாது, தூதரகத்தில் நேர்காணல் கொடுத்து விசாதான் வாங்க வேண்டும். ஈரான், ஈராக், சிரியா, சூடான், லிபியா, சோமாலியா, ஏமன், வட கொரியா என்றால் 2011 மார்ச்சிலிருந்தே கணக்கு. நீ எங்கெங்கே போகிறாய் என்று உன் தோழி போடும் படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அம்மா அதையும் பெரிதாக்கிப் பார்த்து மெலிந்துவிட்டாய் என்கிறாள்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடு. மறுபடி சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஒரு புதுப் படம் எடுத்தால் போதும், ஆன்லைனில் முடிந்துவிடும்.

போன மாதம் பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். அனுப்பினேன். எதற்கு என்று கேட்கவில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்க அதைக் கேட்பதில்லை, இத்தனை வருஷம் அந்த வேலை பார்த்த எனக்குத் தெரியாதா? அம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டுக் கடனுக்கு இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டுக்கும் இதே எஸ்டாதான், தெரிந்திருக்கும். விசா இல்லாமல் அமெரிக்கா போக விடுகிற அந்தத் திட்டத்தில் அவர்கள் சேர்ந்தது 1996இல், நாம் 1999இல். அமெரிக்கா போக இரண்டும் ஒன்றுதான், அதே 90 நாள்தான். இங்கே வரத்தான் வித்தியாசம். இப்போது சாங்கி விமான நிலையத்தில் நம்மவர்கள் வரும்போதும் போகும்போதும் பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம், முகமும் கண்ணும் காட்டினால் கதவு திறக்கிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த வசதி போகும்போது மட்டும். இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள இங்கே சட்டமும் இடம் கொடுக்காது. நான் ஒன்றும் சொல்லவில்லை. 30 வயது தாண்டிய பெண், நன்றாகச் சம்பாதிக்கிறாய், உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் பக்கத்து புளோக் மாமி மூலமாக அம்மாவுக்குத் தெரிய வந்தால் என்னால் அவளைச் சமாளிக்க முடியாது.

டிக்கெட்டை நானே போடுகிறேன், மூன்று பேருக்கும் சேர்த்து. உனக்கு மெல்பர்னிலிருந்து, எங்களுக்கு இங்கிருந்து, சேருவது ஒரே நாளில். விமான நிறுவனம் பாஸ்போர்ட் எண், முடியும் தேதி, எந்த நாடு என்று மூன்றும் கேட்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மூன்றையும் அனுப்பு. நாடு என்ற கட்டத்தில் என்ன போடட்டும் என்பதையாவது முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: எஸ்டா அரசுத் தளத்தில் மட்டும். பாஸ்போர்ட்டைப் பின் பாக்கெட்டில் வைக்காதே.